பத்து நாளுக்கு எழுதிய சீட்டு

கறம்பக்குடி
12.06.2024

திரு. ரத்தினவேல் அவர்களுக்கு,

எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது போதும். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் தப்பு என் பக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். ஒருவேளை கட்டியும் இருப்பீர்கள். உங்கள் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். பேசினால் நீங்கள் நடுவில் புகுந்து சிரிப்பீர்கள். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். போன செப்டம்பரில் தலைமையாசிரியர் பட்டியல் வந்தது. இருபத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்திய என்னை விட்டுவிட்டு, எனக்கு நான்கு வருடம் பின்னால் வேலைக்கு வந்த சரவணக்குமாரை அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். அது எப்படி நடந்தது என்று எழுத இரண்டு நோட்டு வேண்டும். அன்றிலிருந்து மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுபோய், அடுத்த வரி என்ன என்று பிள்ளைகளைக் கேட்டேன். என் மனைவி அழகிதான் புதுக்கோட்டை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டுப் பத்து மாத்திரை எழுதினார். "பத்து நாளைக்கு மட்டும்தாங்க சார். தூக்கம் பழைய தடத்துக்கு வர்ற வரைக்கும் ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான்" என்றார்.

ஆலங்குடியில் உங்கள் கடையில்தான் வாங்கினேன். பத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சீட்டின் மேல் 'வழங்கப்பட்டது' என்று தேதியோடு முத்திரை குத்தினீர்கள். நாற்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு முத்திரை.

பன்னிரண்டாம் நாள் மறுபடி வந்தேன். கடையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். எடை மெஷின் பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்காகச் சரவணக்குமார் நின்றார். நீங்கள் கல்லாவில் இருந்தபடியே, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில் சொன்னீர்கள்: "ஆத்மா, தூக்க மாத்திரை பத்து நாளைக்குத்தான். இனி டாக்டரப் பாத்துப் புதுச் சீட்டு வாங்கிட்டு வா. சும்மா எங்கிட்ட கேக்காத."

மறுநாள் ஆசிரியர் அறையில் சரவணக்குமார், "என்ன சார், ராத்திரி தூக்கமெல்லாம் எப்புடி?" என்றார். அந்த வாரமே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் 'மாத்திரை சார்' ஆகிவிட்டேன். மே மாதம் மாறுதல் கேட்டு, பதினாறு வருடம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து கிடக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் முத்திரை குத்துவதற்கு முன்பே அந்தச் சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். மூன்று ஊரில் மூன்று கடை. யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. உங்கள் தயவு இல்லாமலே எட்டு மாதமாக நன்றாகத் தூங்குகிறேன். தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சி. ஆத்மநாதன், எம்.எஸ்சி., எம்.எட்.,
முதுகலை ஆசிரியர், இயற்பியல்

*

ஆலங்குடி
19.06.2024

ஆத்மா,

கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்பிலிருந்து என்னை நீ 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். இப்போது 'திரு', 'அவர்களுக்கு' எல்லாம் போட்டிருக்கிறாய். கடைக்கு வருகிற விற்பனைப் பிரதிநிதிகள்கூட எனக்கு இவ்வளவு மரியாதை தருவதில்லை. ஆனால் இடப்பக்கம் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போடுவதை மட்டும் நீ விடவில்லை. சொந்தக் கடிதத்துக்கும் மார்ஜின் போடுகிற ஆள் இந்த ஜில்லாவில் நீ ஒருவன்தான்.

சத்தமாகச் சொன்னேன். உண்மை. வாசலில் பஸ் ஹாரன், வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம், கத்திக் கத்தி என் குரலே அப்படி ஆகிவிட்டது. இதெல்லாம் சாக்கு. உன்னை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சரவணக்குமார் நின்றதைச் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். இரண்டு தடவையும் அழகி, "அவரு குளிச்சுக்கிட்டு இருக்காருண்ணே" என்றது. சாயங்காலம் நாலு மணிக்கு அவ்வளவு நேரம் குளிப்பவன் இல்லையே நீ என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சத்தமாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாத்திரை போடாமல் கடைசியாக என்றைக்குத் தூங்கினாய் என்று எழுதவில்லை. ஒன்று இப்போது இரண்டாகியிருக்கும். எனக்குத் தெரியும், ஆறேழு வாரத்திலேயே ஒன்று போதாமல் போகும். போட்டுவிட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தாதே. போட்டால் உடனே படுக்க வேண்டும், ஏழெட்டு மணி நேரத்துக்கு எழ வேண்டிய வேலை இருக்கக் கூடாது. நடுவில் விழிப்பு வந்தால் இன்னொன்று போடாதே. சளிக்குக் குடிக்கிற சிரப்பிலும் தூக்கம் வரும், இரண்டையும் சேர்க்காதே. உனக்குக் குடிப் பழக்கம் இல்லை, அந்த வரைக்கும் நல்லது. காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கிறாய்? கண் விழித்த பிறகும் மருந்து உடம்பில் இருக்கும். நமக்குத் தெளிவாக இருப்பது போலத்தான் தோன்றும்.

இதைவிட முக்கியம், என் மேல் உள்ள கோபத்தில் நாளைக்கே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதே. எட்டு மாதம் போட்ட பிறகு ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. டாக்டரம்மாதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தர வேண்டும். அந்த ஜெராக்ஸை அவரிடமே காட்டு. திட்டுவார். திட்டட்டும்.

இந்த மாத்திரை விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

ரத்தினவேல்

*

கறம்பக்குடி
03.07.2024

திரு. ரத்தினவேல் அவர்களுக்கு,

அறிவுரை கிடைத்தது. பி.ஃபார்ம். படித்துவிட்டு எம்.டி. படித்தவரைப் போல எழுதுகிறீர்கள்.

அது போதாதென்று என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறீர்கள். "தங்கச்சி, அவன் தெனம் எத்தனை மாத்திரை போடுறான்னு எண்ணி வையி" என்றீர்களாம். எண்ணுகிறாள். நேற்று நான் சட்டைப் பையில் கைவிட்டதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்லங்க, பேனாவான்னு பாத்தேன்" என்கிறாள். சொந்த வீட்டில் என்னைப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவனைப் போல் ஆக்கிவிட்டீர்கள்.

எழுத முடியாத காரணம் ஒன்று இருக்கிறதாம். யாரிடம் இந்தப் பூச்சாண்டி? சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் கடையில் எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறதா என்று கேட்க வேண்டிய இடமும் இருக்கிறது. இனி எனக்கோ என் வீட்டுக்கோ தொடர்பு வேண்டாம்.

சி. ஆத்மநாதன், எம்.எஸ்சி., எம்.எட்.

*

ஆலங்குடி
08.08.2024

ஆத்மா,

தொடர்பு வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

சென்ற மாதம் 29ஆம் தேதி மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்தார். ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. நான் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்கிறேனாம், அதனால் ஒரு குடும்பம் கெட்டுப்போயிற்றாம். அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் மேஜை மேல்தான் கிடந்தது. டைப் அடித்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. டைப் அடித்த தாளில் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு.

"யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது எழுதிவரும் பதிவேட்டில் தப்பு எதுவும் கிடைக்கவில்லை. உனக்குத் தந்த பத்து மாத்திரை, உன் பெயர், டாக்டரம்மா பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு அவர் பழைய பதிவேட்டைக் கேட்டார். மூன்று வருடம் எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. அதில் சந்தனம் அக்கா பெயர் இருக்கிறது.

நான் எழுத முடியாது என்றது இதைத்தான். மச்சான் இறந்ததும் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது முடிந்ததும் அக்கா கடைக்கு வந்து, "தம்பி கடையில எனக்கென்னடா சீட்டு" என்றது. கூடப்பிறந்தவளிடம் போய்ச் சீட்டுக் கேட்பதா என்று எனக்கும் தோன்றியது. கொடுத்தேன். பதினைந்து மாதம் கொடுத்தேன். கணக்குக் காட்டுவதற்காக அந்தப் பழைய சீட்டின் தேதியையே ஒவ்வொரு மாதமும் பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்தில், மாதம் தவறாமல்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தது என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆத்மா. மாத்திரை மயக்கத்தில் எழுந்து போயிருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தது. பாடை தூக்க நீயும் வந்தாய். "நல்ல பொம்பளைக்கு இப்படி ஒரு சாவா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அன்று நீ பன்னிரண்டாம் நாள் கடைப் படியேறியபோது எனக்கு அக்கா ஏறி வருவது போலத்தான் இருந்தது. குரல் ஏன் உயர்ந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

செப்டம்பர் ஆறாம் தேதி விசாரணை. உரிமத்தை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள். அக்கா விஷயத்தில் என்னிடம் பதில் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கும் எப்போதும் இப்படித்தான் விற்கிறேன் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அது பொய். அது உனக்குத் தெரியும்.

ரத்தினவேல்

*

கறம்பக்குடி
14.08.2024

ரத்தினவேலுக்கு,

சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் வைத்திருப்பவன் நான் ஒருவன்தானா? இந்த மாவட்டத்தில் ஆசிரியர்கள் எத்தனை ஆயிரம் பேர். என்னைச் சந்தேகிப்பதற்கு முன்னால் சரவணக்குமார் உன் கடையில்தான் மாத்திரை வாங்குகிறார் என்பதை நினைத்துப் பார்.

அக்கா விஷயம் வருத்தம்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்த கை அது. ஆனால் செத்துப்போனவளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி என் வாயைக் கட்டப் பார்க்காதே. நீ கொடுத்தது உன் தப்பு. அதற்காக என்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியது எந்த ஊர் நியாயம்?

ஆத்மநாதன்

*

ஆலங்குடி
17.08.2024
(அஞ்சல் அட்டை)

ஆத்மா,
சரி. நான் எதுவும் கேட்கவில்லை. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாதே. டாக்டரம்மாவைப் பார். அதுவரை வண்டி ஓட்டாதே, பஸ்ஸில் போ.
ர.

*

கறம்பக்குடி
30.08.2024

ரத்தினவேலு,

அட்டை 20ஆம் தேதி வந்தது. அழகி முதலில் படித்திருக்கிறாள். அட்டையில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருப்பாய். "இன்னைக்கிருந்து பஸ்ல போங்களேன்" என்றாள். பஸ்ஸில் போனால் முதல் பீரியட் போய்விடும் என்றேன். அது பொய். நீ சொல்லி நான் பஸ் ஏறுவதா என்பதுதான் விஷயம்.

22ஆம் தேதி நடந்ததை எழுதுகிறேன். முந்தின இரவு வழக்கம் போல இரண்டு போட்டேன். நடுவில் விழிப்பு வந்தது. சரவணக்குமாரிடம் சொல்லாமல் விட்ட பதில்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து இன்னொன்று போட்டேன். காலையில் குளித்தேன், சாப்பிட்டேன், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டேன். தெளிவாகத்தான் இருந்தேன் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்லியிருப்பேன். அழகியை அவள் தங்கை வீட்டில் இறக்கிவிடப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். எட்டு மணி, நல்ல வெயில். ஊர் எல்லை தாண்டியதும் ரோட்டில் பாதியை அடைத்துக் கடலை காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை திரும்பவில்லை. நேராக அதன் மேல் ஏறினேன்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்புதான். அழகிக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

நான் முதலில் செய்தது அவளைத் தூக்கியது அல்ல. கடலைக்காரரைப் பிடித்துக் கத்தினேன். ரோடு உங்க அப்பன் வீட்டுக் களமா, போலீசுக்கு எழுதுகிறேன், உள்ளே தள்ளுகிறேன் என்றேன். பிச்சை என்று பெயர். அறுபது வயதிருக்கும். அவர் அழகியைத் தூக்கித் தன் லோடு ஆட்டோவில் சாக்கு மேல் உட்கார வைத்தார். வண்டியை எடுப்பதற்கு முன் என்னிடம் சொன்னார்: "இங்கிட்டு நின்னு கையக் காட்டிக் கத்துனேன் சார். என்னையப் பாத்துக்கிட்டேதான் வந்தீங்க. கண்ணு தொறந்திருந்துச்சு. உள்ள ஆளு இல்ல."

அந்தச் சொல் என்னை விடவில்லை. ஆனாலும் மறுநாள் மாலை போலீசுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். அதுதான் நான். தாளை எடுத்தேன், ஸ்கேலை வைத்தேன், சிவப்புக் கோடு இழுத்தேன். இழுத்து முடித்ததும் உன் கடை மேஜை மேல் கிடந்த தாள் கண்ணில் வந்துவிட்டது. நான் பார்க்காத மேஜை. ஆனாலும் பார்த்தேன். அழகி மாவுக்கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். "யார் மேலங்க இந்தத் தடவ?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காய் என்ன வாங்கட்டும் என்று கேட்பது போலக் கேட்டாள்.

புகார் எழுதவில்லை. இப்போது நீ படிப்பது அந்தத் தாளில்தான்.

நான்தான் எழுதினேன். ஜூலை 12ஆம் தேதி, பள்ளி கம்ப்யூட்டரில் டைப் அடித்து, பெயர் போடாமல், பட்டுக்கோட்டைக்குப் போய்த் தபாலில் போட்டேன். சீட்டு இல்லாமல் எனக்குத் தர மாட்டேன் என்ற ஒரே கடை மேல், சீட்டு இல்லாமல் விற்கிறது என்று எழுதினேன். பழைய சீட்டை வைத்துக்கொண்டு கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்த மூன்று கடைகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் எனக்கு நல்லவர்கள்.

26ஆம் தேதி பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போனோம். ஜெராக்ஸை மேஜை மேல் வைத்தேன். திட்டுவார் என்று எழுதியிருந்தாய். அவர் திட்டவில்லை. அந்தத் தாளை நீள வாட்டில் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "பத்து நாளுக்குன்னு நான் எழுதினதைப் பத்து மாசம் ஓட்டிட்டீங்களே சார்" என்றார். உடனே நிறுத்தக் கூடாதாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, அடுத்த வருடத்துக்குள் விட வேண்டுமாம். நடுவில் பழையபடி தூக்கம் கெடுமாம், அதைக் கண்டு பயந்து கூட்டிவிடக் கூடாதாம். எப்போது படுத்தாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகலில் கண் அசரக் கூடாது. சாயங்காலத் தேநீர் கிடையாது. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து போய் உட்கார வேண்டும், கட்டிலில் படுத்துக்கொண்டு வழக்கு நடத்தக் கூடாது. அந்தக் கடைசிச் சொல் அவருடையதுதான். அழகி சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று சந்தேகம்.

மாத்திரை அட்டையும் வண்டிச் சாவியும் இப்போது அழகியிடம். இடது கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளித் தருகிறாள். நேற்று மூன்று மணி நேரம் தூங்கினேன். வகுப்பில் தலை வலித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். களைப்பாக இருக்கிறது, ரத்தினவேலு. எல்லாவற்றையும் இவ்வளவு வருடம் சுமந்துகொண்டு நின்றது களைப்பாக இருக்கிறது.

இதோடு இன்னொரு கடிதமும் போகிறது, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில். மொட்டைக் கடிதம் என்னுடையது, அதில் சொன்னது பொய் என்று எழுதியிருக்கிறேன். நீ முத்திரை குத்திய மூலச் சீட்டைக் கூடவே வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் நீ மறுத்ததற்குச் சாட்சியாகச் சரவணக்குமார் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வேண்டுமானால் ஆறாம் தேதி நேரில் வருகிறேன். இதனால் என் வேலைக்கு என்ன வரும் என்று தெரியாது.

அந்தப் பழைய பதிவேட்டில் இருப்பதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பொய் சொல்லிச் சமாளிக்காதே. அக்கா பெயரில் இனி ஒரு பொய் வேண்டாம். உரிமம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ எனக்கு எழுதியதை அவர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டால் உனக்காவது தூக்கம் வரும் என்று தோன்றுகிறது. எனக்கு அறிவுரை சொல்லத் தகுதி இல்லை. பழக்கம், வந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அன்று நீ சத்தமாகச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். அது கிடக்கட்டும், மெதுவாகக் குறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று நீயும் சொன்னாய், டாக்டரம்மாவும் சொல்கிறார்.

கீழே என்ன போடுவது என்று வெகுநேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எம்.எஸ்சி., எம்.எட். என்று போடக் கூச்சமாக இருக்கிறது. உன் நண்பன் என்று போடுவதற்கு நீ சம்மதிக்க வேண்டும், நான் அல்ல. பெயர், பட்டம், முகவரி எல்லாவற்றையும் அலுவலகத்துக்குப் போகிற கடிதத்தில் போட்டுவிட்டேன். அங்கேதான் அவை வேண்டும். இதில் கையெழுத்துப் போடாமலே தபாலில் போடுகிறேன். கோடு இருக்கிறது. உனக்குத் தெரியும்.